பருப்பு வேகாத தண்ணி

போன மாசம் ஒரு நாள் காலையில வயலுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். வேளச்சேரியில இருக்கிற மககிட்டேருந்து வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ வந்துச்சு. பார்த்ததும் என்னன்னு பிடிபடல. கடல்ல ரொம்ப நாள் கெடந்த மரக்கட்டையில சிப்பி ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி வெள்ளையா, சொரசொரன்னு ஏதோ ஒண்ணு. "என்னாத்தா இது, கடற்கரையில பொறுக்குனியா?"ன்னு கேட்டேன். "போங்கப்பா, இது எங்க வீட்டு கீசருக்குள்ள இருந்த காயில்"னா.

ரெண்டு வருசத்துல இது ரெண்டாவது காயில். வாஷிங் மெஷினும் மக்கர் பண்ணுதாம். வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பேறி, துண்டு காய்ஞ்சா அப்பளம் மாதிரி விறைச்சு நிக்குதாம். மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "உப்புத் தண்ணிம்மா, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இப்ப அவ குடியிருக்கிற அடுக்குமாடியில கூட்டம் போட்டு, மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து தண்ணிய மென்மையாக்குற சாஃப்ட்னர் மெஷின் வாங்கலாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க. வீட்டுக்கு இவ்வளவுன்னு பங்குத்தொகை. "தண்ணி, மண்ணுன்னு எப்பப் பார்த்தாலும் எழுதுறீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டா.

போன்ல சொல்லி முடியல. அதனால இங்க எழுதுறேன். அவளை மாதிரி பட்டணத்துல இருக்கிற உங்க வீட்டு கீசருக்குள்ளயும் இதே சிப்பி வளர்ந்துக்கிட்டுதான் இருக்கும்.

முதல்ல அந்த மெக்கானிக் சொன்ன வார்த்தை. காயில்ல படிஞ்சது உப்பு இல்ல. கொஞ்சம் சுரண்டி நாக்குல வெச்சுப் பாருங்க, கரிக்காது. அதுமேல எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்க, நுரை கட்டும். நுரைச்சா அது பெரும்பாலும் சுண்ணாம்பு. வயல்ல பள்ளம் தோண்டினா வெள்ளை வெள்ளையா உருண்டை வருமே, சுக்கான் கல், அதுக்குச் சொந்தக்காரன்.

மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசா புளிப்பேறும். அந்தப் புளிப்பு போற வழியில இருக்கிற சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கிட்டே போகும். கரைஞ்ச கால்சியமும் மெக்னீசியமும்தான் தண்ணியோட கடினம். பச்சைத் தண்ணியா இருக்கிற வரைக்கும் அது கண்ணுக்குத் தெரியாது. சூடு பண்ணினா கரியமில வாயு பறந்துடும், சுண்ணாம்பு தனியா நின்னுடும். எங்க சூடு அதிகமோ அங்கதான் போய் ஒட்டும். கீசர்ல காயில் மேல, கெட்டில்ல அடியில, அயர்ன் பாக்ஸ்ல ஆவி வர்ற ஓட்டையில.

அரசாங்க அளவு ஒண்ணு இருக்கு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012ல வெளியிட்ட குடிநீர்த் தரத்துல, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு. நடுவுல 500னு வெச்சுப்போம். அப்படின்னா மாடியில இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்குக்குள்ள அரை கிலோ சுண்ணாம்புக் கணக்கு கரைஞ்சு கெடக்கு. அத்தனையும் படியாதுதான். ஆனா தினம் ஒரு சிட்டிகை படிஞ்சாலும் ரெண்டு வருசத்துல என் மக அனுப்பின போட்டோ வந்துடும்.

செம்பு எவ்வளவு சுலபமா சூட்டைக் கடத்துமோ, அதுல நூத்துல ஒரு பங்கு கூட இந்தப் படிவு கடத்தாது. காயிலுக்குக் கம்பளி போர்த்துன மாதிரி. சூடு தண்ணிக்குப் போகாம உள்ளேயே நின்னு காயில் தானே வெந்து அறுந்து போகுது. அதுவரைக்கும் கரண்டு பில்லும் ஏறும்.

ஆனா எங்க ஊர் மாதிரி கடலோரத்துல ரெண்டும் சேர்ந்து இருக்கும், சுண்ணாம்பும் உப்பும். உப்பு படியாது, அரிக்கும். இரும்பு டேங்கை ஓட்டை போடும், குழாய் மரையைத் தின்னும். ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற. இதைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்காம மெஷின் வாங்கினா காசு தண்டம்.

வீட்டுக்கு வந்து டிடிஎஸ் மீட்டரை முக்கி நம்பர் காட்டுவாங்க. அந்த மீட்டர் தண்ணியில கரண்டு எவ்வளவு ஓடுதுன்னு பார்த்து, மொத்தம் கரைஞ்சிருக்கிறது இவ்வளவுன்னு சொல்லும். அதுல சுண்ணாம்பு எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. இன்னும் சிலர் ரெண்டு கம்பியை விட்டுக் கரண்டு குடுத்து, தண்ணி செம்மண் கலரா மாறுறதைக் காட்டி, "பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க"ன்னு பயமுறுத்துவாங்க. அது பெரும்பாலும் அவங்க கொண்டுவந்த இரும்புக் கம்பியே கரைஞ்சு வர்ற துரு. தண்ணியில இருந்த அழுக்கு இல்ல. உண்மையான நம்பர் வேணும்னா ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போய் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல குடுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு சோதனை இருக்கு. டிடர்ஜென்ட் இல்லாத சாதாரணக் கட்டி சோப்பைக் கொஞ்சம் சீவி, ஒரு பாட்டில்ல மழைத்தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி ஊத்திப் போட்டுக் குலுக்குங்க. ஒண்ணு நுரைக்கும், இன்னொண்ணு தயிர் திரிஞ்ச மாதிரி நிக்கும். உங்க துண்டு விறைக்கிற காரணமும் குளியலறைச் சுவத்துல ஒட்டுற பிசுக்கோட காரணமும் அந்தத் திரிதான்.

எங்க அப்பத்தாவுக்கு மீட்டரும் தெரியாது, மில்லிகிராமும் தெரியாது. "பருப்பு வேகாத தண்ணி"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடும். சும்மா சொன்ன சொல் இல்ல அது. பருப்போட தோலுக்கும் சதைக்கும் பசை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிற பெக்டின்னு ஒரு பொருள் இருக்கு. தண்ணியில இருக்கிற கால்சியம் அதைப் பிடிச்சு இறுக்கிடும். எத்தனை விறகு வெச்சாலும் பருப்பு முழிச்சுக்கிட்டுதான் கெடக்கும். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவாங்க, குழைஞ்சிடும்.

அந்தக் காலத்துல எங்க வீட்டுல மூணு தண்ணி இருந்துச்சு. ஊருணித் தண்ணி மண்பானையில, குடிக்கிறதுக்கும் சோறு பருப்பு வேகவைக்கிறதுக்கும் மட்டும். கலங்கலா இருந்தா பானையோட உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி விட்டுடுவாங்க, விடியறதுக்குள்ள தெளிஞ்சிடும். கண்மாய்த் தண்ணி குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு. வீட்டுக் கொல்லையில இருந்த உப்புக் கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, சாணி கரைக்க. ஊருணிக் குடத்துல ஒரு சொம்பு எடுத்துக் கால் கழுவினா முதுகுல ஒண்ணு விழும். எந்தத் தண்ணி எதுக்குங்கிறது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மீமிசல் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வயல், நடுவுல கிழக்குக் கடற்கரைச் சாலை, ரோட்டோரமே உப்பளம். இப்படிப்பட்ட இடத்துல நல்ல தண்ணிங்கிறது வானத்துலேருந்து வந்தாத்தான் உண்டு. அதனாலதான் ஆவுடையார்கோவில், மணமேல்குடி, தெற்கே ராமநாதபுரம் வரைக்கும் ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டி வெச்சாங்க. மழைத்தண்ணியில கால்சியமும் கிடையாது, உப்பும் கிடையாது. பூமிக்குள்ள இறங்கிக் கெட்டுப் போறதுக்கு முன்னாடி அதைப் பிடிச்சு வைக்கிற பாத்திரம்தான் ஊருணி. இன்னைக்கு நீங்க ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கப் போற மென்மையான தண்ணியை அது சும்மா குடுத்துச்சு.

அப்புறம் போர் வந்துச்சு. என் வீட்டுலயும் போட்டேன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. மூணு தண்ணி போய் ஒரே தண்ணி ஆச்சு. மோட்டார் போட்டா டேங்க், டேங்கைத் திறந்தா எல்லாக் குழாயிலயும் அதே தண்ணி. மொதல்ல சுமாரா இருந்த தண்ணி வருசா வருசம் சவர்க்க ஆரம்பிச்சுச்சு.

கடல் உள்ள வருதுன்னு எல்லாரும் சொல்வோம். வர்றது உப்பு மட்டும் இல்ல. கடல் தண்ணியோட கடினத்தன்மை லிட்டருக்கு ஏறக்குறைய 6,000 மில்லிகிராமுக்கு மேல, முக்கால்வாசி மெக்னீசியத்தால வர்றது. நூறு குடத்துல ஒரு குடம் கடல் கலந்தாலே கடினம் 60 ஏறிடும். அதோட இன்னொண்ணும் நடக்குது. களிமண்ணு தன் மேல கால்சியத்தை ஒட்டி வெச்சிருக்கும். கடல் உப்புல இருக்கிற சோடியம் உள்ள வந்ததும், களிமண்ணு சோடியத்தைப் பிடிச்சுக்கிட்டு கால்சியத்தைத் தண்ணியில விட்டுடும். நிலத்தடித் தண்ணி உப்பும் ஆகும், கடினமும் ஆகும், ஒரே நேரத்துல.

இதை ஏன் சொல்றேன்னா, என் மக வீட்டுல வாங்கப் போற சாஃப்ட்னர் மெஷினுக்குள்ள இதே வேலைதான் தலைகீழா நடக்குது. அதுக்குள்ள பாசிமணி மாதிரி சின்னச் சின்ன ரெசின் குண்டு இருக்கும். அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தைத் தண்ணிக்குக் குடுக்கும். குண்டு நிறைஞ்சதும் உப்புக் கரைசல் ஊத்திக் கழுவினா, கால்சியத்தை விட்டுட்டு மறுபடி சோடியத்தை ஏத்திக்கும். வேலை செய்யுமான்னு கேட்டா, செய்யும். நல்லாவே செய்யும். கீசர்ல படியாது, சோப்பு நுரைக்கும். நான் அதைக் குறை சொல்லல.

ஆனா கணக்கைப் பாருங்க. ஆயிரம் லிட்டர்ல இருக்கிற அந்த அரை கிலோ கடினத்தை எடுக்க, ஏட்டுக் கணக்குலயே 585 கிராம் உப்பு வேணும். நடைமுறையில கழுவறப்ப வீணாப் போறதையும் சேர்த்தா ஒரு கிலோவை ஒட்டி வரும். 40 வீடு இருக்கிற கட்டடத்துல வீட்டுக்கு 500 லிட்டர்னா, ஒரு நாளைக்கு 20,000 லிட்டர். அதாவது தினம் 20 கிலோ உப்பு. வருசத்துக்கு ஏழு டன். அது எங்க பக்கத்து உப்பளத்து உப்பாவே கூட இருக்கலாம். எங்க ஊர் உப்பு வித்தா எனக்குச் சந்தோசம்தான். ஆனா அந்த ஏழு டன்னும் கழுவின தண்ணியோட சாக்கடைக்குத்தான் போகும். சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிக்கிற நிலையம் கரைஞ்ச உப்பை எடுக்காது. ஆத்துக்கோ சதுப்புக்கோ மண்ணுக்கோ போய்ச் சேரும். மண்ணுல இறங்கினா உங்க போருக்கே திரும்பி வரும்.

இங்கதான் விவசாயியா எனக்கு ஒரு சங்கடம். நீங்க எதிரின்னு நினைக்கிற கால்சியம் எனக்குச் சிநேகிதன். நிலத்துல சோடியம் ஏறினா அது களர். மண்ணு இறுகிப் போய், மழை பேஞ்சா சேறு, வெயிலடிச்சா சிமெண்டு. தண்ணி உள்ள இறங்காது, வேருக்குக் காத்து போகாது. அதுக்கு மருந்தா நாங்க போடுறது ஜிப்சம், அதாவது கால்சியம். கடலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்லுது, இல்லன்னா காய் திரளாது. ஆக, கடினத் தண்ணியால என் நிலம் சாகாது. சொட்டுநீர்க் குழாய்ல அடைப்பு வரும், நேர்த்தியா ஆசிட் விட்டுக் கழுவினா சரியாப் போகும். ஆனா மென்மையாக்கின தண்ணியைச் செடிக்கு ஊத்தினா சோடியம் ஏறி மண்ணு போயிடும். மாடித் தோட்டம் வெச்சிருக்கிற அக்காமார்களே, இதைக் குறிச்சு வெச்சுக்குங்க. சாஃப்ட்னர் தண்ணியைச் செடிக்கு விடாதீங்க, போர் தண்ணியே மேல்.

குடிக்கிற விசயத்துலயும் இதே குழப்பம்தான். கடினத் தண்ணி குடிச்சா கெடுதல்னு ஊரெல்லாம் பேச்சு. ஆனா உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி வரம்பு எதுவும் வைக்கல. அதே நேரம் 500 கடினமுள்ள தண்ணியை மென்மையாக்கினா லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்தக் கொதிப்பு உள்ளவங்க அதைக் குடிக்கக் கூடாது. அப்ப ஆர்.ஓ. வைக்கலாமேம்பீங்க. வேணும்ங்கிற இடத்துல வைக்கத்தான் வேணும், எங்க பக்கத்துல பல வீட்டுல அதுதான் கதி. ஆனா தேவையில்லாத இடத்துலயும் வெச்சிருக்கோம். கரைஞ்ச பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்.ஓ.வைத் தடை பண்ணச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாசம் உத்தரவு போட்டதே இந்த விரயத்துக்காகத்தான். ஒரு குடம் எடுக்க ரெண்டு குடம் கீழ விடுறோம்.

இப்ப என் கருத்தைச் சொல்லிடுறேன். கெட்டது தண்ணி இல்ல. எல்லா வேலைக்கும் ஒரே தண்ணியை விட்டதுதான் தப்பு. காயிலுக்குப் போற தண்ணியும் கக்கூஸுக்குப் போற தண்ணியும் ஒரே குழாய்ல வருது. அப்புறம் காயிலைக் காப்பாத்த கக்கூஸ் தண்ணியையும் சேர்த்து மென்மையாக்குறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் கழிப்பறைக்குன்னு கணக்கு வெச்சிருக்கு. நாலு பேர் வீட்டுல 180 லிட்டர். பீங்கானுக்கு எதுக்கு மென்மையான தண்ணி?

இதை எழுதி வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டா. "ஏங்க, ஊருணி ஊருணின்னு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, நீங்க என்னைக்காவது ஒரு குடம் தூக்கியிருக்கீங்களா?"

பதில் இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல தினம் ஆறு நடை நடந்தவ அவ. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. பேறுகாலத்துக்கு முந்தின மாசம் வரைக்கும் நடந்தா. காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்க தெருவுக்கு வந்த அன்னைக்கு அவ அந்தக் குழாய்க்குப் பொட்டு வெச்சதை நான் பார்த்திருக்கேன். திருச்சிப் பக்கத்துலேருந்து அத்தனை தூரம் தாண்டி வர்ற தண்ணி, எல்லா நாளும் வராது, வந்தாலும் கொஞ்ச நேரம்தான். இருந்தாலும் வாசலுக்கு வருதே. மூணு தண்ணி வெச்சிருந்தோம்னு நான் பெருமையா எழுதுறது அவ முதுகுல ஏறி உக்காந்துக்கிட்டு எழுதுறதுதான். அதை ஒத்துக்கிட்டுத்தான் மேல எழுதணும்.

ஆனா குழாய் வந்த மறு வருசமே ஊருணிப் பக்கம் யாரும் போகல. வரத்துக்கால்ல கருவேல முள்ளு மண்டிப் போச்சு, கரையில குப்பை கொட்ட ஆரம்பிச்சாங்க. 2018 நவம்பர் 16ல கஜா அடிச்சு, கம்பமெல்லாம் சாய்ஞ்சு, நாள் கணக்குல கரண்டு இல்ல. மோட்டார் ஓடல, கூட்டுக் குடிநீரும் நின்னு போச்சு. டேங்கு காலியானதும் அதே வீட்டுக்காரிதான் பரண்ல இருந்த குடத்தை இறக்கினா. குப்பையை ஒதுக்கிட்டு, துணியில வடிகட்டி, கொதிக்க வெச்சுக் குடிச்சோம். கொதிச்ச பாத்திரத்து அடியில ஒரு பொட்டு வெள்ளை ஒட்டல. பருப்பு ரெண்டு விசில்ல குழைஞ்சுச்சு. "அந்தத் தண்ணி அந்தத் தண்ணிதாங்க"ன்னு அவளே சொன்னா.

அதனால நான் குடத்தைத் திரும்பக் கொண்டாரச் சொல்லல. பிரிச்சு வைக்கிற புத்தியை மட்டும் கொண்டாரச் சொல்றேன். இப்ப மோட்டார் இருக்கு, பிளாஸ்டிக் குழாய் இருக்கு, டேங்க் இருக்கு. குடம் தூக்குற வேலையை அதுங்க செய்யட்டும்.

மகளுக்கும், அவளை மாதிரி அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கும் சொல்றது இது.

ஒண்ணு, மெட்ரோ தண்ணியையும் போர் தண்ணியையும் ஒரே சம்ப்புல ஊத்தாதீங்க. சென்னையில பல கட்டடத்துல இதுதான் நடக்குது. காசு குடுத்து நல்ல தண்ணி வாங்கி, கெட்ட தண்ணியில கலந்து ரெண்டையும் கெடுத்துக்கிறோம். ரெண்டு சம்ப்பு, மாடியில ரெண்டு டேங்கு, ரெண்டு குழாய். புதுசாக் கட்டுறவங்களுக்கு இது பெரிய செலவே இல்ல. பழைய கட்டடத்துல கொஞ்சம் உடைக்கணும், ஆனா ஏழு டன் உப்புக்கு வருசா வருசம் குடுக்கிற காசை நினைச்சுப் பாருங்க.

ரெண்டு, மழைத்தண்ணி. 2003லேயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. பாதிப் பேர் பேருக்கு ஒரு குழாயை மண்ணுல நட்டு விட்டதோட சரி. ஆயிரம் சதுர அடி மாடியில நூறு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல. சிந்துறது சிதறுறது போனாலும் ஏழாயிரம் நிக்கும். முதல் மழையை விட்டுட்டு, வடிகட்டித் தனிச் சம்ப்புல பிடிங்க. அடுக்குமாடியில எல்லாருக்கும் வருசம் பூரா வராது, எனக்கும் தெரியும். ஐப்பசி கார்த்திகையில மூணு மாசம் கீசருக்கு வந்தாலும் லாபம்தான். மிச்சத்தைப் போருக்குப் பக்கத்துல இறக்குங்க, அடுத்த வருசத் தண்ணியோட கடினம் கொறையும்.

மூணு, சாஃப்ட்னர் வேணும்னா, சூடாகுற தண்ணிக்கும் துணி துவைக்கிற தண்ணிக்கும் மட்டும் வைங்க. வீட்டுக்கு 150 லிட்டரைத் தாண்டாது. 20 கிலோ உப்பு ஆறு கிலோ ஆகும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஆய்வகத்துல கடினம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவுன்னு ரெண்டு நம்பரையும் பார்த்துட்டு வாங்குங்க. குளோரைடு அதிகமா இருந்தா சாஃப்ட்னர் வெச்சும் டேங்கு அரிக்கும். குழாய்மேல காந்தத்தை மாட்டினா போதும்னு சொல்றவங்களை நான் நம்பல. மாட்டினவங்க வீட்டுக் காயிலையும் பார்த்திருக்கேன்.

நாலு, இதெல்லாம் முடியாத வாடகை வீட்டுக்காரங்களுக்கு. கீசர் சூட்டை 60 டிகிரியைத் தாண்ட விடாதீங்க. குளிக்கிற தண்ணி 40தான் இருக்கும். 75ல கொதிக்க வெச்சுப் பச்சைத் தண்ணி கலக்கிறதால சுண்ணாம்பு வேகமாப் படியுது. டேங்குக்குள்ள மெக்னீசியக் கம்பி ஒண்ணு இருக்கும். டேங்குக்குப் பதிலா தன்னை அரிக்கக் குடுக்கிற கம்பி அது. உப்புத் தண்ணியில சீக்கிரம் கரைஞ்சிடும். வருசத்துக்கு ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காயிலைக் கழுவச் சொல்லும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்க. கெட்டில்ல படிஞ்சதுக்கு எலுமிச்சையோ வினிகரோ ஊத்திக் கொதிக்க விட்டா போதும். எங்க வீட்டு வெந்நீர்த் தவலைக்குப் புளிதான் மருந்து. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.

எங்க ஊருக்கு நான் சொல்லிக்கிறது ஒண்ணுதான். ஊருணியைத் தூத்து அதுமேல ஏதாவது கட்டலாம்னு ஒரு பேச்சு ஓடுது. "குழாய் வந்தாச்சு, இனி அது எதுக்கு?"ன்னு கேக்குறாங்க. குழாய் இருக்கிற ஊருக்கும் ஊருணி வேணும். கரையில ஒரு மணல் வடிகட்டி, சின்ன மோட்டார், தெருவுக்கு ஒரு குழாய். மதுரையில இருக்கிற தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ ஊருணியை ஊர்க்காரங்களை வெச்சே தூர்வாரியிருக்காங்க. நம்மால முடியாதா? தூத்துட்டா திரும்ப வெட்ட முடியாது. அதுமேல கட்டின கட்டடத்துலயும் ஒரு போர் போடுவாங்க, அதுலயும் பருப்பு வேகாது.

மகளுக்கு இதை அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல படிக்கிறேன்னு சொல்லியிருக்கா. அதே ஞாயித்துக்கிழமை நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வரத்துக்கால்ல முள்ளு வெட்டப் போறோம். ஐப்பசி வந்துடும், அதுக்குள்ள தண்ணி போற வழி திறக்கணும். வீட்டுக்காரி சொல்லிட்டா, "முள்ளு வெட்டுறதும் நீங்க, தண்ணி கொண்டாந்து குடுக்கிறதும் நீங்க. நான் பருப்பு மட்டும் வேகவைக்கிறேன்"னு.